நிழல் சீட்டு எழுதியவர் உயிரோடு இருக்கிறார்

ஜூன் 12, 2025

'எட்டிப்பார்' பக்கம் நடத்துகிறவருக்கு,

வணக்கம். நான் சாகவில்லை.

தருமபுரி மாவட்டத்து ஆட்கள் சொந்தமாக நடத்தும் இணையதளங்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றைப் பற்றியும் நாலு வரி எழுதிப் பட்டியல் போடுகிறீர்கள். நல்ல பொழுதுபோக்கு, குறை சொல்ல மாட்டேன். அந்தப் பட்டியலில் என்னுடைய 'நிழல் சீட்டு' தளமும் இருப்பதை நேற்றுத்தான் பார்த்தேன். கீழே நீங்கள் எழுதியிருப்பது இது: "எந்தப் பேருந்தில், எந்த மாதத்தில், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவந்த ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் இன்று நம்மிடையே இல்லை. அவருடைய கடைசிப் படத்தைக் குடும்பத்தார் தளத்தில் வைத்திருக்கிறார்கள். பெரியவர் நிழலில் உறங்கட்டும்." போதாததற்கு ஒரு கறுப்பு ரிப்பன்.

நான் ஓய்வு பெறவில்லை. ஆசிரியர் இல்லை. பெரியவர் இல்லை, முப்பத்தெட்டு வயது. ஆணும் இல்லை. ஒரே ஒரு பத்தியில் இத்தனை தப்பு எழுதுவதற்கும் ஒரு திறமை வேண்டும்.

படத்தில் இருப்பது நான் இல்லை. அவரும் சாகவில்லை. பேருந்தில் தூங்குகிறார். ரிப்பனை எடுத்துவிடுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

இப்படிக்கு,
நிழல் சீட்டு எழுதுகிறவள்

•

ஜூன் 12, 2025

அன்புள்ள அக்கா (அக்காதானே?),

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். இறந்துபோனவர் பதில் போட்டால் வேறென்ன செய்வது? மன்னித்துவிடுங்கள், மன்னித்துவிடுங்கள். ரிப்பனை எடுத்துவிட்டேன்.

என் பெயர் அன்ஜும். தருமபுரியில் எங்கள் அத்தா (அப்பாதான்) முனாப், ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறார். நான்தான் அங்கே டிசைன் செய்கிறேன். காதுகுத்து, பூப்பு நன்னீராட்டு, கிரகப்பிரவேசம், கண்ணீர் அஞ்சலி என்று நாள் முழுக்க மற்றவர்கள் முகத்தை வெட்டி ஒட்டுகிற வேலை. இடையில் வேலை இல்லாத நேரத்தில் இணையத்தில் சந்து பொந்தெல்லாம் நுழைவேன். அப்படி ஒருநாள் நல்லம்பள்ளிக்காரர் ஒருவரின் தளம் கிடைத்தது. சுவர்களில் 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதியிருப்பதையெல்லாம் படம் எடுத்து, 'தயவுசெய்து'வில் தொடங்கி 'செருப்பால்' வரைக்கும் கோப வரிசைப்படி அடுக்கியிருக்கிறார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இது. இன்னொருவர் தளத்தில் மொத்தமே ஒரு வரிதான்: 'இன்று எங்கள் ஊரில் மழை இல்லை.' தினமும் தேதியை மட்டும் மாற்றுகிறார். மழை பெய்த நாளில் பக்கம் வெறுமையாக இருக்கும். அவர் எங்கேயோ சந்தோஷமாக நனைந்துகொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வேன்.

உங்கள் தளம்தான் எனக்கு எல்லாவற்றிலும் உசத்தி. அதனால்தான் இரண்டு வருடமாக அதில் புதிதாக ஒன்றும் வராதபோது தினமும் போய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தையும் பார்த்தேன். கண் மூடியிருக்கிறது. தலையிலிருந்து தாடைக்கு வெள்ளைத் துண்டு கட்டியிருக்கிறது. அக்கா, எங்கள் தொழிலில் இந்த மாதிரிப் படம் வாரத்துக்கு ஒன்றாவது வரும். வீட்டில் வேறு போட்டோ இல்லாதவர்கள், நாடிக்கட்டு கட்டியபிறகு செல்போனில் எடுத்து, 'கொஞ்சம் கண்ணைத் திறந்து குடும்மா' என்று கொண்டுவருவார்கள். உட்கார்ந்த நிலையில் இருக்கிறதே என்று ஒரு கணம் யோசித்தேன். உட்கார வைத்து அடக்கம் செய்கிற குடும்பமாக இருக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

இப்போது ஒரு சின்ன விஷயம். சின்னது என்று நான் சொல்கிறேன். என் பக்கத்தைப் படித்த ஏரியூர் ரூட் பயணிகள் வாட்ஸ்அப் குழுக்காரர்கள் பெரியவருக்கு அஞ்சலி பேனர் கேட்டு எங்கள் கடைக்கே வந்தார்கள். நானே செய்து கொடுத்தேன். துண்டை எடுத்துவிட்டு, ஒரு கல்யாண பேனர் மாப்பிள்ளையின் முடியை வைத்தேன். கண்ணைத் திறந்தேன். கண்கள் அத்தாவுடையவை. நன்றாகவே வந்திருக்கிறது. முந்தாநாள் முதல் பென்னாகரம் பேருந்து நிலையத்தில் கட்டியிருக்கிறார்கள்.

படத்தில் இருக்கிற அந்தத் தாத்தா யார் அக்கா?

அன்ஜும்

•

ஜூன் 14, 2025

அன்ஜும் அவர்களுக்கு,

அந்தத் தாத்தா என் மாமனார். பெயர் மாது. அன்றைக்கு அவருக்குப் பல்வலி, அதனால்தான் துண்டைக் கட்டியிருந்தார். பல் பிடுங்கக் கூட்டிக்கொண்டு போகும்போது, வெயில் படாத பக்கத்தில் உட்கார வைத்ததும் அசந்து தூங்கிவிட்டார். சரியான பக்கத்தில் உட்கார்ந்தால் பல்வலியோடும் தூங்கலாம் என்று காட்டத்தான் அவருக்குத் தெரியாமல் எடுத்துப் போட்டேன்.

நீங்கள் சின்ன விஷயம் என்று எழுதியது எங்கள் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று கேளுங்கள்.

நேற்றுக் காலை நல்லம்பள்ளியிலிருந்து மாமனாரின் தங்கை வந்தார். யாரோ பேனரைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கையில் மாலை, கோடி வேட்டி. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "எங்கண்ணா… போயிட்டியா எங்கண்ணா…" என்று தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்து, வாசலில் முதலில் அகப்பட்டவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அகப்பட்டவர் என் மாமனார். களி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வந்தவர். தங்கை அழுகிற அழுகையைப் பார்த்து, ஏதோ பெரிய சாவு விழுந்துவிட்டது என்று அவரும் சத்தம் போட்டு அழ ஆரம்பித்துவிட்டார். இரண்டு பேரும் நின்று அழுது முடித்தபிறகுதான், "யாரு சாமி போனது?" என்று அவர் கேட்டார்.

அதற்கப்புறம் தங்கை மயங்கி விழுந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் கட்டுத்தறியில் மாட்டினோம். மாடு தின்றுவிட்டது.

என் வீட்டுக்காரர் மாதேஷ், "எவன்டா எங்கப்பாவுக்கு பேனர் வெச்சவன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி அரிசி களைந்துகொண்டிருந்தேன். இந்தத் தளத்தை நான் நடத்துவது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. அவர்கள் தேடிக்கொண்டு உங்கள் கடைக்கு வருவதற்குள் பேனரை இறக்கிவிடுங்கள். என் பேச்சு எங்கேயும் வரக் கூடாது.

•

ஜூன் 16, 2025

அன்புள்ள அக்கா,

நேற்று நானும் அத்தாவும் ஏணியோடு பென்னாகரம் போனோம். இறக்க முடியவில்லை.

பேனருக்கு நேர் கீழே ஒரு பெரியவர் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். அத்தா ஏணியைச் சாய்த்ததும், "ஏய், யாரு நீங்க? எதுக்கு என்னைக் கழட்டறீங்க?" என்றார். நிமிர்ந்து பேனரைப் பார்த்தேன், குனிந்து அவரைப் பார்த்தேன். முடி இல்லை, கண் வேறு, ஆனால் காது அதே காது. அத்தா முந்திக்கொண்டு, "தப்பு நடந்துபோச்சுங்க பெரியவரே, பொண்ணு சின்னது, மன்னிச்சுக்குங்க" என்றார்.

உங்கள் மாமனார் கோபப்படவே இல்லை அக்கா. "செத்ததா போட்டதுதான் தப்பு. மத்ததெல்லாம் சரியாத்தான் போட்டிருக்குது" என்றார். காலையிலிருந்து பேருந்து ஏற வருகிறவர்கள் எல்லாம் அவரைச் சுற்றி நின்று, "நீங்கதானா அந்த நிழல் ஐயா?" என்று கேட்டு, டீ வாங்கிக் கொடுத்து, செல்ஃபி எடுத்திருக்கிறார்கள். ஒருவர் எந்தப் பக்கம் உட்காரலாம் என்று கேட்டிருக்கிறார். இவரும் சொல்லியிருக்கிறார்.

கடைசியில் என்ன ஆயிற்று என்றால், 'கண்ணீர் அஞ்சலி'யை எடுத்துவிட்டு 'வாழ்த்துகிறோம்' என்று புதிதாக அடித்துக் கட்டிவிட்டோம். செலவு எங்களுடையது. "முடியை எடுத்துடட்டுங்களா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது இருந்துட்டுப் போகட்டும் கண்ணு" என்றார்.

தளத்தை எழுதுவது யார் என்று அவரும் கேட்கவில்லை. தான்தான் என்று நினைக்கிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை, சத்தியமாக.

உங்கள் பெயரையாவது எனக்குச் சொல்லுங்களேன்.

அன்ஜும்

•

ஜூன் 25, 2025

அன்ஜும்,

என் பெயர் கலைமதி. உன்னைவிடப் பெரியவள்தான் என்று தெரிந்துவிட்டதால் இனிமேல் நீ என்றே எழுதுகிறேன்.

உன் சந்தேகம் சரி. காலைக் கஞ்சி குடித்ததும் சட்டை போட்டுக்கொண்டு பென்னாகரம் கிளம்பிவிடுகிறார். பேனருக்குக் கீழே உட்கார்ந்து எல்லாருக்கும் பக்கம் சொல்கிறார். இணையம் என்றால் என்னவென்று கேட்டால் அவருக்குத் தெரியாது. "நாம சொன்னத எவனோ படிச்ச பையன் அதுல ஏத்தியிருக்கறான்" என்கிறார். என் வீட்டுக்காரர் அன்றைக்கு மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, "எங்கப்பாவுக்கு இவ்ளோ மூளை இருக்குதுன்னு எனக்கே தெரியாம போச்சு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. இரண்டு நாள் சிரித்தேன். மூன்றாவது நாள் சிரிப்பு வரவில்லை.

இந்தத் தளம் எப்படி ஆரம்பித்தது தெரியுமா? பென்னாகரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். ஏரியூர்ப் பக்கமிருந்து காலையில் வடக்கே போகும்போது வலப்பக்கம் வெயில். சாயங்காலம் தெற்கே திரும்பும்போதும் வலப்பக்கம்தான் வெயில். நான் இரண்டு வேளையும் வலப்பக்க ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்து வந்து, வலது கை மட்டும் கறுத்துப்போயிருக்கிறது. நாத்தனார் கல்யாணத்தில் வளையல்கார அம்மா என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, "ஏம்மா, இந்தக் கை யாருது, அந்தக் கை யாருது?" என்று கேட்டுவிட்டது. மண்டபமே சிரித்தது. மறுநாள் முதல் குறித்துவைக்க ஆரம்பித்தேன். எங்கள் ரூட் முடிந்து, தருமபுரி ரூட், ஒகேனக்கல் ரூட் என்று விடுமுறை நாளில்கூடப் பேருந்து ஏறினேன். மேற்கே போகிற வண்டியில் பிற்பகலில் மார்கழி என்றால் இடப்பக்கம் வெயில், ஆனி என்றால் வலப்பக்கம் வெயில். சூரியன் வடக்கே தள்ளிப் போய்விடும். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. வீட்டில் சொன்னால், "இதுக்குத்தான் டிக்கெட் எடுத்துட்டுச் சுத்துனியா?" என்பார்கள். அதனால் இணையத்தில் சொன்னேன்.

இரண்டு வருடமாக ஏன் எழுதவில்லை என்றால், எனக்கு ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். ஊருக்கெல்லாம் நிழல் சொன்னவள் இப்போது ஹெல்மெட்டுக்குள் வெந்துகொண்டு போகிறேன். இதைத் தளத்தில் எப்படி எழுதுவது?

இந்த வீட்டில் நான் வைக்கிற குழம்புக்குக் கருத்து உண்டு, கட்டுகிற சேலைக்குக் கருத்து உண்டு. ஒருத்தரும் கருத்துச் சொல்லாத ஒரே இடம் இந்தத் தளம்தான். அதை இப்போது மாமனார் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறார். சொன்னால் என் இடம் போய்விடும். சொல்லாவிட்டால் என் பெயர் போய்விடும். இரண்டும் இல்லாமல் ஒரு வழி இருந்தால் சொல்.

கலைமதி

•

ஜூலை 2, 2025

அன்புள்ள கலைமதி அக்கா,

வழியெல்லாம் இல்லை. சொல்லிவிடுங்கள்.

நிலைமை தெரியுமா உங்களுக்கு? உங்கள் மாமனார் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறார்: "ஒகேனக்கல் போற வண்டியா? வலது பக்கம் உக்காரு." எப்போதோ தை மாதத்தில் ஒருமுறை போனாராம், அந்த அனுபவம். இது ஆனி மாதம்! என் பக்கத்துக்கு வசவு வந்து குவிகிறது. ஒருவர், 'நிழல் ஐயா பேச்சைக் கேட்டு என் மாமியார் கருகிவிட்டார், நன்றி' என்று எழுதியிருக்கிறார். நன்றி எதற்கு என்று புரியவில்லை. தளத்தில் சரியாகத்தான் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. ஆளே எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எதற்குப் படிப்பார்கள்?

இன்னொன்று. ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் பயணிகள் குழு அவருக்குப் பென்னாகரம் பேருந்து நிலையத்தில் பாராட்டு விழா வைக்கிறது. பொன்னாடை, ஷீல்டு, மைக் செட். ஷீல்டு எழுத்து எங்கள் கடையில்தான் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். 'நிழல் சீட்டு தந்த மாது ஐயா' என்று நான் என் கையால் டைப் செய்ய வேண்டும். என்னால் முடியாது அக்கா. நீங்கள் வருடக்கணக்காகப் பேருந்து பேருந்தாக ஏறி இறங்கினீர்கள், அவர் பல்வலியில் தூங்கினார். பொன்னாடை தூங்கினவருக்கா?

நீங்கள் பயப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் சொல்லாவிட்டால் நான் என் பக்கத்தில் எழுதிவிடுவேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அன்ஜும்

•

ஜூலை 4, 2025

அன்ஜும் அவர்களுக்கு,

எழுதிப் பாருங்கள்.

ஆட்களைக் கண்டுபிடிப்பது உங்களுக்கு விளையாட்டு. கண்டுபிடித்து, நாலு வரி எழுதி, அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவீர்கள். கண்டுபிடிக்கப்பட்டவள் அதே வீட்டில் சாயங்காலம் விளக்கு வைக்க வேண்டும், அதே மாமனாருக்குச் சோறு போட வேண்டும். எழுபது வயதில் முதல்முறையாக அவரை நாலு பேர் ஐயா என்கிறார்கள். அதைப் பிடுங்கி என் தோளில் போட்டுக்கொண்டு நான் எந்தப் பேருந்தில் ஏறுவது?

பயப்படுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், பயம்தான். உங்கள் 'எட்டிப்பார்' பக்கத்தை மேலிருந்து கீழ்வரை இன்று மறுபடி பார்த்தேன். எல்லார் பெயரும் இருக்கிறது. நடத்துகிறவர் பெயர் எங்கேயும் இல்லையே, ஏன்?

என் தளத்தின் இணைப்பைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இனி எழுத வேண்டாம்.

•

ஜூலை 11, 2025

கலைமதி அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள், எழுதுகிறேன். இதுவே கடைசி.

இணைப்பை அன்றைக்கே எடுத்துவிட்டேன். நான் ஒன்றும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

என் பெயர் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். ஒரு வாரமாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் ஆர்டர் பார்க்கிறேன் என்றுதான் அத்தா நினைக்கிறார். மனுஷனுக்கு மனுஷன் சம்பந்தமில்லாத கிறுக்குகளையெல்லாம் ஆசையாகத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தால் திட்ட மாட்டார். சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குத்தான் பயம். நானே செய்ய முடியாததை உங்களைச் செய்யச் சொல்லிவிட்டேன்.

இன்று காலை பழக்கதோஷத்தில் 'நிழல் சீட்டு'க்குப் போனேன். 'இப்படி ஒரு பக்கம் இல்லை' என்று வருகிறது. அழித்துவிட்டீர்களா அக்கா? எல்லா மாதமும், எல்லா ரூட்டும் போய்விட்டதா? உண்மையிலேயே ஒரு சாவு விழுந்த மாதிரி இருக்கிறது. முன்பு நான் வைத்த ரிப்பன் பொய்க்கு வைத்தது. இப்போது வைக்க மனசு வரவில்லை.

அன்ஜும்

•

ஆகஸ்ட் 4, 2025

அன்ஜும்,

அழிக்கவில்லை. பூட்டி வைத்திருந்தேன். இனி கேள்.

விழாவுக்கு நான் போவதாக இல்லை. பரிசோதனை நிலையத்தில் சனிக்கிழமை பாதி நாள்தான் வேலை. வெளியே வந்தால் மைக்கில் மாமனார் பெயர் கேட்கிறது. கால் தானாக அந்தப் பக்கம் போய்விட்டது. பந்தல் போட்டிருந்தார்கள். ஆடி மாதப் பிற்பகலுக்குப் பந்தலை எந்தப் பக்கம் அடைக்க வேண்டுமோ அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டு, மற்ற பக்கமெல்லாம் அடைத்திருந்தார்கள். மேடையில் நிழல் ஐயாவும், பொன்னாடையும், ஷீல்டும் முகம் சுளித்து வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் முன்வரிசையில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். ஷீல்டில் பெயர் போடாமல் வெறும் 'நிழல் சீட்டுக்கு' என்று மட்டும் அடித்திருந்தாய். அதை இரண்டு தடவை படித்தேன். உனக்கு நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது.

விழா முடிகிற நேரம், ஒகேனக்கல் வண்டி வந்து நின்றது. ஆடிப்பெருக்குக் கூட்டம். மாமனார் மைக்கிலேயே, "எல்லாரும் வலது பக்கமா உக்காருங்க!" என்று உத்தரவு போட்டார். சனமெல்லாம் திமுதிமுவென்று ஏறி வலப்பக்கம் அடைந்துகொண்டது. கடைசியாக ஒரு பெண், கைப்பிள்ளையோடு ஏறினாள். அவளுக்கென்று வலப்பக்க ஜன்னலோரத்தை ஒருவர் எழுந்து கொடுத்தார். பிள்ளையின் முகத்தில் நேராக வெயில். அது கண்ணைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தது.

அன்ஜும், நான் எதையும் முடிவு செய்யவில்லை. படியில் ஏறி நின்றுகொண்டிருக்கிறேன், அவ்வளவுதான் தெரியும். "பிள்ளைய எடுத்துட்டு இடது பக்கம் வாங்க. வழியெல்லாம் வலது பக்கந்தான் வெயிலடிக்கும்" என்றேன்.

கண்டக்டர், "ஐயாவே சொல்லிட்டாருங்க, நீங்க யாருங்க நடுவுல?" என்றார்.

"அந்த ஐயா படிக்கறதே நான் எழுதுனதத்தான். இல்ல, அவரு படிக்கறதே இல்ல. நிழல் சீட்டு எழுதறது நானுங்க. பேரு கலைமதி."

உளறிக்கொட்டித்தான் சொன்னேன். ஆனால் மேடையில் மைக் அணைக்கவில்லையா, கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டதா, என்னவோ எல்லாருக்கும் கேட்டுவிட்டது. மாமனார் மேடையிலிருந்து இறங்கி, பொன்னாடையோடு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். என்னைப் பார்த்தார். என்ன சொன்னார் தெரியுமா?

"ஏம்மா, அப்ப இத வூட்லயே சொல்றதுக்கென்ன? நான் சொன்ன பேச்சைக் காப்பாத்தணும்னு ஒரு மாசமா வலது பக்கமே உக்காந்து நானும் வெந்துட்டிருக்கறேன்!"

வண்டி முழுக்க ஒரு சிரிப்பு. அடுத்த நொடி எல்லாரும் எழுந்து இடப்பக்கம் பாய்ந்தார்கள். கண்டக்டர், "பாதிப் பேரு அந்தப் பக்கமே இருங்க, வண்டி சாஞ்சுக்கும்!" என்று கத்தினார். பிள்ளைக்காரிக்கு மட்டும் நான் கைப்பையைப் போட்டுப் பிடித்துவைத்திருந்த இடப்பக்கச் சீட்டு கிடைத்தது.

மாமனார் ஷீல்டை என் கையில் கொடுத்துவிட்டார். பொன்னாடையைக் கொடுக்கவில்லை. "இது போட்டோவுக்குப் போட்டது" என்கிறார். பேனரும் அவருக்கே வேண்டுமாம், முடி இருக்கிறதல்லவா.

என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, தளம் முழுவதையும் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். நான் பக்கத்தில் பாத்திரம் துலக்குவதுபோல நின்றிருந்தேன். கருத்து வரப்போகிறது என்று தெரியும். கடைசியில், "இத்தன எழுதியிருக்கற, இதுல நான் ஒரு இடத்துலயும் வரலையே" என்றார். "நீங்க வாங்கிக் குடுத்த வண்டியில ரெண்டு பக்கமும் வெயிலுங்க" என்றேன். செல்போனைக் கட்டிலில் வைத்தார். அப்புறம், திங்கட்கிழமையிலிருந்து ஸ்கூட்டியைத் தான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அதுதான் இன்று.

காலையில் பேருந்தில் வந்தேன். இடப்பக்கம், ஜன்னலோரம். தளத்தைத் திறந்துவிட்டேன். மேலே என் பெயரை மூன்று தடவை அழித்து அழித்து எழுதினேன். பைத்தியக்காரத்தனம், வெறும் நாலு எழுத்து. எழுதிவிட்டு எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

நீ விருப்பப்பட்டால் இணைப்பைத் திரும்பப் போடு. ஆனால் ஒரு நிபந்தனை. எந்த நிபந்தனை என்று உனக்கே தெரியும்.

கலைமதி

•

ஆகஸ்ட் 5, 2025

அக்கா,

அத்தாவிடம் காட்டினேன். சிரித்தார். சுவர் எழுத்துக்காரர் தளத்தில் 'செருப்பால்' வந்த இடத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் மெனக்கெட்டு மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, 'மழை இல்லை'காரர் யார், எந்த ஊர் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு ஆர்டர் அப்படியே கிடக்கிறது.

பட்டியலில் உங்கள் இடத்தில் எழுதியிருப்பதைக் கீழே தருகிறேன். தப்பு இருந்தால் உடனே சொல்லுங்கள். இந்த முறை எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

"நிழல் சீட்டு: எந்தப் பேருந்தில், எந்த மாதத்தில், எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று சொல்லும் தளம். எழுதுபவர் ஏரியூர்ப் பக்கத்துக் கலைமதி. உயிரோடு இருக்கிறார். படத்தில் தூங்குபவர் அவருடைய மாமனார். அவரும் உயிரோடு இருக்கிறார், பென்னாகரம் பேருந்து நிலையத்தில் பார்க்கலாம். டீ வாங்கிக் கொடுங்கள். எந்தப் பக்கம் உட்காரலாம் என்று மட்டும் கேட்காதீர்கள். கண்டுபிடித்து எழுதியது: அன்ஜும், தருமபுரி."